அரச யார்டில் செக்யூரிட்டி பிடித்து அடைத்து வைத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

லயத்துப் பையன், ஹட்டன் பக்கம்:
எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு அரச திணைக்களத்தின் யார்ட் இருக்கிறது, பெயர் வேண்டாம். வேலி பிய்ந்த இடத்தால் புகுந்தால் மெயின் ரோட்டுக்கு ஐந்து நிமிடம், சுற்றிப் போனால் அரை மணித்தியாலம், மழை நாளில் யாரும் சுற்றிப் போவதில்லை. போன வெள்ளி தம்பி அந்த வழியால் வந்தபோது செக்யூரிட்டி பிடித்து, இரும்பு திருட வந்தாய் என்று கார்ட் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார். கையில் இருந்தது ஒரு றாத்தல் பாணும் கருவாட்டுப் பார்சலும். ஆறு மணிக்குப் பிடித்து ஒன்பதரைக்குத்தான் விட்டார், அதுவும் சிங்களத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு. தம்பி சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அடையாள அட்டை இன்னும் அவரிடம்தான். இதற்கெல்லாம் அவருக்கு அதிகாரம் இருக்கிறதா?

பழைய வாச்சர்:
நானும் பதினொரு வருடம் இந்த வேலை பார்த்தவன் தம்பி. சாமான் குறைந்தால் சம்பளத்தில் வெட்டுவோம் என்று மேலே உள்ளவன் சொல்லுவான், அந்தப் பயத்தில் கண்டவனை எல்லாம் பிடிக்கத் தோன்றும். ஆனால் மூன்றரை மணித்தியாலம் பூட்டி வைத்தது தப்பு. எங்களுக்குச் சொன்னது, பிடித்தால் உடனே பொலிஸுக்குப் போன் அடி என்பதுதான்.

கறுப்புக் கோட்டு, பதுளை:
யூனிஃபோர்ம் போட்டதும் பொலிஸ் அதிகாரம் வந்துவிடாது. வன அதிகாரிக்கு 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் கைது அதிகாரம் தருகிறது. யார்ட் வாச்சருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையென்றால் அவர் உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரண ஆள்தான். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு சாதாரண ஆளுக்கும் பிடிக்க இடம் கொடுக்கிறது, ஆனால் பொதுவாகத் தன் கண் முன்னால் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருக்க வேண்டும், அல்லது அப்படிக் குற்றம் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கிற ஆள் தப்பி ஓட வேண்டும், பிடித்தவரைத் தேவையில்லாமல் தாமதிக்காமல் பொலிஸிடம் கொடுக்க வேண்டும். பாணோடு குறுக்கு வழியால் நடப்பது திருட்டு இல்லை. அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. பூட்டி வைத்தது தண்டனைச் சட்டக்கோவையில் சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் என்ற தனிக் குற்றம், இங்கே கேஸ் அவர் மேல்தான் வரவேண்டும்.

அந்தக் கடிதத்துக்கு ரொம்பப் பயப்படவேண்டாம். அதிகாரத்தில் இருப்பவர் மிரட்டி வாங்கிய குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஏற்காது. ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தில் கேஸ் போட்டு, சொத்தின் பெறுமதி அந்தச் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சான்று கொடுத்துவிட்டால் பிணை எடுப்பது பெரும்பாடு. அதனால் முந்திக்கொள்ளுங்கள்: பொலிஸில் முறைப்பாடு, தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து.

லயத்துப் பையன்:
அந்தச் செக்யூரிட்டி தனியார் கம்பனி ஆளா திணைக்களத்து ஆளா என்று தெரியவில்லை அண்ணா. தொப்பியில் ஏதோ சின்னம் இருந்ததாம், இருட்டில் தம்பி சரியாகப் பார்க்கவில்லை.

கறுப்புக் கோட்டு, பதுளை:
அதைக் கட்டாயம் கண்டுபிடியுங்கள். திணைக்களத்து ஊழியர் என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போடலாம், ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. அவர்களின் ஹொட்லைன் 1996. கம்பனி ஆள் என்றால் இந்த வழி சிக்கல், பொலிஸும் சிவில் வழக்கும்தான்.

லயத்துப் பையன்:
இன்று அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனோம். முதலில் சிங்களத்தில்தான் எழுதப் பார்த்தார்கள், அப்பா நகரவே இல்லை, தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிள் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முறைப்பாடு எழுதியாயிற்று. அட்டை சாயந்தரமே வந்துவிட்டது, கடிதத்தை மட்டும் காணவில்லை என்கிறார்கள்.

பழைய வாச்சர்:
காணாமல் போகாது. லொக் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருப்பான், நாங்கள் அங்கேதான் வைப்போம். பொலிஸில் அதைச் சொல்லிப் புத்தகத்தை எடுக்கச் சொல்லு.