ரப்பர் வெட்டுக்குப் போறவருக்கு கால் நரம்பு எரிச்சல், ஓயாத தளர்ச்சி. வேலையை விடாம சமாளிக்க வழி உண்டா?

பனச்சமூடு_அம்மிணி

அண்ணன்மாரே, அக்காமாரே, எங்க வீட்டுக்காரருக்காகக் கேக்கேன். வயசு 51. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகாரு. வெள்ளறடை பக்கம் ஒரு தோட்டத்துல 350 ரப்பர் மரத்துல பால் வெட்டு. மூணரைக்கு எந்திரிச்சு நாலு மணிக்கு ஹெட்லைட்டோட இறங்கணும். ரெண்டு உள்ளங்காலும் ராத்திரி தீயா காந்துது, பகல்ல மரத்துக் கிடக்கு. செருப்பு கழண்டு போனதுகூடத் தெரியல்ல. சுகர் நரம்பைப் பாதிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நரம்பு வலிக்கு பிரீகாபாலின் 75 ராத்திரி பத்து மணிக்குப் போடுகாரு. காலம்பற எந்திரிச்சா தலை கிறங்குது, மரத்துக்கு மரம் தடுமாறுகாரு. மத்தியானம் ஆனா ஆளு துவண்டு போறாரு. இங்க மார்த்தாண்டத்துல ஒரு டாக்டர், அங்க கேரளத்துல ஒரு டாக்டர், ரெண்டு பேரு மருந்தும் ஓடுது. வேலையை விட முடியாது. என்ன செய்யலாம்?

மருந்துக்கடை_மார்த்தாண்டம்

அக்கா, முதல்ல ரெண்டு டாக்டர் சீட்டையும், வீட்டுல கிடக்குற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மேசையில பரத்தி வைங்க. கம்பெனி பேரைப் பாக்காதீங்க, அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்குற மருந்துப் பேரைப் பாருங்க. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்தியம் பாக்குறவங்களுக்கு அடிக்கடி நடக்குறது இதுதான்: ஒரே பிரீகாபாலின் ரெண்டு பேருல ரெண்டு அட்டையா வீட்டுக்கு வந்திருக்கும். மருந்துப் பேரோட ‘எம்’ ஒட்டியிருந்தா மெத்தில்கோபாலமின், அதாவது பி12 சத்து, சேந்தது. ‘என்டி’ன்னா நார்ட்ரிப்டிலின் சேந்தது. என்டி ஓடும்போது இன்னொரு டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 எழுதிட்டா, ஒரே வகை மருந்து ரெட்டிப்பாகுது. கிறக்கம், வாய் வறட்சி, மூத்திரம் முக்கி முக்கிப் போறது எல்லாம் அதுல வரும். அட்டைகளைப் போட்டோ எடுத்து ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு, நரம்பு மருந்தை யாராவது ஒருத்தர் மட்டும் பாக்கட்டும்.

அடுத்தது நேரம். பத்து மணிக்குப் போட்டு மூணரைக்கு எந்திரிச்சா அஞ்சரை மணி நேரந்தான் ஆகுது. ரத்தத்துல பிரீகாபாலின் பாதியாக் குறையவே சுமார் ஆறு மணி நேரம் எடுக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டா உச்சத்துக்கு வரவே மூணு மணி நேரம் ஆகும். அப்போ மருந்து முழு வேகத்துல இருக்கும்போது ஆளு உறங்குகாரு, இறங்காத நிலையிலயே கத்தியைக் கையில எடுக்காரு. எட்டரைக்குப் படுக்குறவரா இருந்தா ஆறரை, ஏழு மணிக்கே போடலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. மாத்திரையைக் கூட்டாம, நேரத்தை மட்டும் முன்னால தள்ளி ஒரு வாரம் பாக்கலாம். ராத்திரி வெட்டுக்காரங்களுக்குப் பகல் வேலைக்காரங்க சீட்டு அப்படியே ஒத்துவராது. எத்தனை மணிக்கு எந்திரிப்பாருன்னு டாக்டர் கேக்கல்லன்னா நீங்களே சொல்லணும்.

அப்படியும் கிறக்கம் போகல்லன்னா டுலாக்செட்டின் பத்திக் கேக்கலாம். பெரும்பாலும் காலையில ஆகாரத்துக்குப் பிறகு, 30-ல தொடங்கி 60-க்குக் கொண்டு போவாங்க. உறக்கம் குறைவா இழுக்கும், ஆனா முதல் வாரம் குமட்டும். குடி அதிகம் உள்ளவங்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கும் அது ஆகாது. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரீகாபாலின் மூணையும் சுகர் நரம்பு வலிக்கு ஒப்பிட்டுப் பாத்த ஆப்ஷன்-டிஎம் ஆய்வு 2022-ல் லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. எதுல தொடங்கினாலும் வலி குறையுறது ஏறக்குறைய ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. அதனால எது அவரு வேலைக்கும் உடம்புக்கும் இடைஞ்சல் பண்ணாதோ அதைத் தேர்வு பண்றதுல தப்பில்ல. எந்த மருந்தானாலும் வலி முழுசாப் போகும்னு எதிர்பாக்காதீங்க. பாதி குறைஞ்சு, ராத்திரி உறக்கம் வந்தா நல்ல பலன்.

வலிக்குதேன்னு டைக்லோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது. நரம்பு எரிச்சலுக்கு அது உதவாது, சுகர்காரங்க கிட்னியைத்தான் கெடுக்கும். பிரீகாபாலினே கிட்னி வழியாத்தான் வெளிய போகுது. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் பாத்துட்டுத்தான் அளவு வைக்கணும்.

கொல்லங்கோடு_88

நரம்பு சத்து ஊசி பத்து போட்டா சரியாயிடும். எங்க பக்கம் எல்லாரும் அதான் போடுவாங்க.

மருந்துக்கடை_மார்த்தாண்டம்

பி12 குறைவா இருந்தா ஊசி நல்லது, அண்ணே. மெட்ஃபார்மின் வருசக்கணக்கா சாப்பிடுறவங்களுக்குக் குறையவும் செய்யும். ஆனா ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தத்துல பி12 பாருங்க, போட்ட பிறகு பாத்தா எண்ணு பொய் சொல்லும். அந்தக் கலவை ஊசிகள்ல ஒரு ஊசிக்கே 100 மி.கி. பி6 இருக்கும். பி6 அளவு மீறி நாள்பட உள்ள போனா அதுவே கால் மரப்பை உண்டாக்கும். சத்துதானேன்னு மாசக்கணக்கா ஓட்டாதீங்க.

பிசியோ_தக்கலை

அம்மிணி அக்கா, காந்துற காலை விட மரத்த காலுக்குத்தான் நான் பயப்படுவேன். செருப்பு கழண்டது தெரியல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் இந்தக் கேள்வியிலயே பெரிய விஷயம். கால் எந்த இடத்துல ஊணுதுன்னு மூளைக்குச் சேதி போகல்லன்னா, ஆளு கண்ணை நம்பித்தான் நடக்காரு. இருட்டுல கண்ணும் இல்ல. மாத்திரைக் கிறக்கம் மட்டுமா, இதுவும் சேந்ததான்னு தெரிஞ்சுக்க, சுவரோரமா பாதத்தைச் சேத்து நிக்கச் சொல்லி, நீங்க பக்கத்துல பிடிக்கிற மாதிரி நின்னுக்கிட்டு, கண்ணை மூடச் சொல்லுங்க. கண்ணை மூடினதும் ஆடினா சமநிலை போயிருக்கு. அப்போ ஹெட்லைட் மட்டும் போதாது. தலையைத் திருப்புற பக்கந்தான் அது வெளிச்சம் காட்டும், கத்தி மரத்துல இருக்கும்போது கால் இருட்டுல கிடக்கும். இடுப்புல இன்னொரு டார்ச், தரையைப் பாத்து மாட்டுங்க. அடுத்த மரத்துக்குப் போற தடத்துல வேரு, கல்லு, உடைஞ்ச சிரட்டை எல்லாம் பகல்லயே எடுத்துடணும். தொட்டி, சரிவு இருக்குற வரிசைகளை வெளிச்சம் வந்த பிறகு கடைசியா வெட்டலாம்.

செருப்பு: கட்டைவிரல் இடுக்குல வார் போற ரப்பர் செருப்பு வேண்டாம். எம்.சி.ஆர்னு சொல்ற மெத்துன்னு இருக்குற ரப்பர் அடி வச்சு, குதிகாலைச் சுத்திப் பட்டை உள்ளது வாங்குங்க. சாயந்திரம் கால் வீங்கியிருக்கும்போது அளவு எடுங்க. தோட்டத்துக்கு மூடின கேன்வாஸ் ஷூவும் வெள்ளைப் பருத்திச் சாக்ஸும். வெள்ளை எதுக்குன்னா, அட்டைப்பூச்சி கடிச்சதும் முள் குத்தினதும் ரத்தக் கறையா உடனே தெரியும். நம்ம ஊருல ரெண்டு பருவமழையும் உண்டு, கால் காயுறதே அபூர்வம். மாத்துச் சாக்ஸ் ஒரு ஜோடி கவர்ல கட்டிக் கொடுத்து விடுங்க, பால் எடுக்கப் போறதுக்கு முன்னாடி மாத்தட்டும். கம்பூட்ஸ்ல வியர்வை நிக்கும், விரல் இடுக்கு வெந்து புண்ணாகும்.

ராத்திரி படுக்கும் முன்னே நீங்களே பாத்துடுங்க, அவரால உள்ளங்காலைப் பாக்க முடியாது. விரல் இடுக்கு, குதிகால், நகத்தோரம். கழுவி, ஒத்தித் துடைச்சு, தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்குல மட்டும் தடவாதீங்க. கால் ஆணியை பிளேடால சீவக்கூடாது. கொப்புளமோ கருப்போ தெரிஞ்சா அன்னிக்கே காட்டணும். காந்தலுக்கு சாதாரணத் தண்ணியில பத்து நிமிசம் கால் வைக்கலாம், ஐஸ் வேண்டாம். போர்வை உரசினாலே எரியும்னா கால்மாட்டுல ஒரு ஸ்டூலைப் படுக்க வச்சு அதுக்கு மேல போர்வையைப் போடுங்க.

இன்னொண்ணு, அடித்தட்டு வெட்டுக்குக் குத்தவச்சு உக்காந்து வேலை செய்வாங்க. முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே ஓடுற நரம்பு அதுல நசுங்கும். சுகர் உள்ளவங்களுக்கு சீக்கிரமே நசுங்கி, பாதம் தூக்க முடியாம தொங்கிப் போகும். ஒரு முழங்காலைத் தரையில ஊணி, அடியில மடிச்ச சாக்கு போட்டு வெட்டச் சொல்லுங்க. மரத்துக்கு மரம் காலை மாத்தணும்.

திருவட்டாறு_ரப்பர்

வேலை பக்கம் நான் சொல்றேன். முடியும்போது வெட்டுறது, முடியாதப்போ படுக்குறதுன்னு போனா இந்த நோவுக்கு ஆகாது. நல்லா இருக்குற அன்னிக்கு 350 மரமும் ஓடி ஓடி முடிச்சுட்டு, அடுத்த ரெண்டு நாள் கிடப்பாரு. மோசமான நாள்லயும் தாங்குற அளவு எதுவோ அதை எண்ணி வைக்கணும். 250-ன்னு வச்சுக்குங்க, நல்ல நாள்லயும் அதுக்கு மேல போகக்கூடாது. 80 மரத்துக்கு ஒரு தரம் உக்காரணும், வலி வந்த பிறகு இல்ல, வரும் முன்னே. ரெண்டு மூணு வாரம் அந்த அளவு நிலைச்சா 20 மரம் கூட்டிப் பாக்கலாம். மீதி 100 மரத்துக்கு மகனோ பக்கத்து வெட்டுக்காரரோ பங்கு பேசிக்கலாம். மரக்கணக்குக் கூலியா இருந்தா பங்கு போடுறது சுலபம்.

முதலாளிகிட்ட பேச இன்னொரு வழி இருக்கு. ஒண்ணுவிட்ட நாள் வெட்டுற தோட்டமா இருந்தா மூணு நாளுக்கு ஒரு வெட்டுக்கு மாத்தச் சொல்லுங்க. ஆர்ஆர்ஐஐ 105 ரக மரத்துக்கு ரப்பர் போர்டே அதைத்தான் சிபாரிசு பண்ணுது, ஒண்ணுவிட்ட நாள் வெட்டினா அந்த ரகத்துல பால் வராமப் போற பட்டை மரப்பு நோய் கூடும். பால் கூட வைக்கிற எத்தஃபான் மருந்தை முறைப்படி தடவினா விளைச்சலும் பெரிசா இழக்காது. இது கருணை கேக்குறது இல்ல, மரத்துக்கும் லாபம். விடியும்போது தொடங்கினா பால் கொஞ்சம் குறையும், வாஸ்தவம். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுட்டா அந்தக் குறைவு தாங்கும், இருட்டுல விழுந்து கால் ஒடிஞ்சா தாங்காது.

வெட்டி முடிச்சு பால் எடுக்குற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் இருக்கு. அதுல அரட்டை, புல்லறுப்பு, விறகுன்னு இறங்கிடுவாங்க. அந்த நேரத்துல காலை உயர்த்தி வச்சுப் படுக்கணும், அதுதான் அவரோட முதலீடு. பால் எடுக்க பெரிய வாளி ஒண்ணு வேண்டாம், அஞ்சு லிட்டர் வாளி ரெண்டு, கைக்கு ஒண்ணு. கத்திப் பிடியில பழைய சைக்கிள் டியூபைச் சுத்தித் தடிப்பாக்குங்க, கத்தியைத் தினமும் தீட்டுங்க. மழுங்கின கத்திக்கு மணிக்கட்டுதான் விலை கொடுக்கும். கை விரலும் ராத்திரி மரத்தா அதை டாக்டர்ட்ட தனியாச் சொல்லணும், மணிக்கட்டுல நரம்பு நசுங்குறதும் சுகர்காரங்களுக்கு அதிகம்.

பாலை உறைய வச்சு ஷீட் அடிக்கிறவரா இருந்தா ஃபார்மிக் ஆசிடை மரத்த கை காலோட தொடவிடாதீங்க. கையுறை, மூடின ஷூ. தண்ணியில ஆசிடை ஊத்தணும், ஆசிட்ல தண்ணியை இல்ல. தெறிச்சது உணர்வு இல்லாததால தெரியாது, சாயந்திரம் தோல் உரிஞ்சிருக்கும்.

பனச்சமூடு_அம்மிணி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு அட்டையிலயும் பிரீகாபாலின் 75 இருக்கு! ஒண்ணுல ‘என்டி’யும் இருக்கு. ஒண்ணை இன்னைக்கே நிறுத்திடட்டுமா? பிறகு அந்த மத்தியான துவளல், அது மருந்தாலயா? நாட்டு வைத்தியம் பாக்குற ஆசான் ஒருத்தர் கிழி, அதாவது சூடான மருந்து மூட்டை, வைக்கச் சொன்னாரு, வைக்கலாமா?

நர்ஸ்_குழித்துறை

அக்கா, நீங்களா நிறுத்தாதீங்க. பிரீகாபாலினை சட்டுனு விட்டா உறக்கம் கெடும், வியர்க்கும், வெப்ராளம், அதாவது மனப் பதற்றம், வரும், சிலருக்கு வலிப்புகூட வரும். ஒரு வாரமாவது படிப்படியாக் குறைப்பாங்க. நாளைக்கே டாக்டருக்குப் போன் பண்ணி ரெண்டு அட்டை விஷயத்தைச் சொல்லுங்க. அவர் பதில் சொல்ற வரைக்கும் வெட்டுக்கு அனுப்பாதீங்க, பைக்கும் ஓட்ட வேண்டாம்.

துவளலுக்கு முதல் சந்தேகம் எனக்கு கிளிமெபிரைடு மேல. வெறும் வயித்துல நாலு மணிக்கு இறங்கி எட்டு மணி வரைக்கும் வெட்டுறவரு அதை எப்போ போடுகாரு, எப்போ சாப்பிடுகாருன்னு எழுதுங்க. கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல், எரிச்சலான பேச்சு இருந்தா சர்க்கரை இறங்கியிருக்கு. நரம்புத் தளர்ச்சின்னு நினைச்சு படுக்க வச்சிடாதீங்க. மீட்டர் இருந்தா அப்பவே குத்திப் பாருங்க. 70-க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, 15 நிமிசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். பையில சீனிப் பொட்டலம் எப்பவும் இருக்கட்டும். இறங்கும் முன்னே ரெண்டு மட்டிப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிடட்டும், கிளிமெபிரைடு நேரத்தை மாத்தலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. ராத்திரி மரச்சீனிக் கிழங்கை வயிறு முட்டச் சாப்பிட்டு சர்க்கரை ஏறுறதும் சோர்வுதான், ரெண்டு பக்கத்தையும் பாக்கணும்.

ரத்தத்துல ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, கிரியாட்டினின், மூணு மாச சர்க்கரைச் சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி பாருங்க. ராத்திரி பலமாக் குறட்டை விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா அதையும் சொல்லுங்க. எச்பிஏ1சி ரொம்பக் கூடுதலா இருந்தா அவசர அவசரமா இறக்கவும் கூடாது. மூணு மாசத்துல ரெண்டு புள்ளிக்கு மேல இறக்கினா சிலருக்கு நரம்பு வலி திடீர்னு கூடும். அது மருந்து கேக்காததுன்னு நினைச்சு டோஸ் ஏத்திக்கிட்டே போவாங்க.

கிழி பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத கால்ல கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஆசானை மதிச்சுப் போங்க, இடுப்புக்கும் தோளுக்கும் எண்ணெய் போடட்டும், முழங்காலுக்குக் கீழ சூடும் அழுத்தமும் இல்லாமன்னு சொல்லிடுங்க. டிவியில விக்கிற அதிர்வு மெஷினும் அப்படித்தான். வெந்நீர்னா உங்க முழங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தான் அவரு கால்ல ஊத்தணும்.

சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை மாசாமாசம் வீட்டுக்கே வர, தமிழ்நாடு அரசோட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பேரு சேத்துக்குங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா போதும்.

சுகர் நரம்பு நோவு ரெண்டு கால்லயும் ஒண்ணுபோல, விரல்ல தொடங்கி மேல ஏறும். ஒரு கால்ல மட்டும் வந்தா, உணர்வில்லாத தேமல் தோல்ல எங்கயாவது தெரிஞ்சா, வேற காரணம் தேடணும். கால் பலம் நாள் கணக்குல குறைஞ்சா, மூத்திரம் மலம் கட்டுப்பாடு போனா, பாதம் ஒரு பக்கம் மட்டும் சிவந்து வீங்கிச் சுட்டா, வலி இல்லேன்னாலும் அன்னைக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போங்க.