துட்டி கேட்கப் போனவர்கள்

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மனைவியை வெளிநாட்டில் பறிகொடுத்துவிட்டு ஊருக்கு வந்த எழுத்தாளர் ஒருவரை 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சந்தித்த அனுபவத்தை எழுதுகிறேன். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார். எனக்கு அவர் அண்ணாச்சி, அவருடைய மனைவி மதினி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில் வாழ்ந்தாலும், அவருடைய கதைகள் அனைத்தும் பாபநாசத்துக்கும் புன்னைக்காயலுக்கும் இடையே தாமிரபரணி நனைக்கும் மண்ணிலேதான் நடக்கின்றன. இங்கிலாந்தில் பனி பெய்தது என்று ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை.

மதினி இறந்தது நவம்பரில், தீபாவளிக்கு முந்தைய வாரம். அஸ்தியோடு அண்ணாச்சி இங்கே வந்து சேர்ந்தது டிசம்பர் 16 சனிக்கிழமை. திங்கட்கிழமை பாபநாசத்தில் கரைப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை எப்படிப்பட்டது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலக வளாகமும் தண்ணீருக்குள் நின்றன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. எந்த ஆற்றில் கரைப்பதற்காகக் கடல் கடந்து கொண்டுவந்தாரோ, அந்த ஆறு ஒருவரையும் பக்கத்தில் அண்டவிடவில்லை.

அவர் தங்கியிருந்தது பாளையங்கோட்டையில் மேட்டுப் பகுதியில் உள்ள அவருடைய மைத்துனர் வீட்டில். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது நம் வழக்கம். மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்த மழையில் எந்த மரத்தில் கட்டுவது? உள்ளே வைத்தால் என்ன என்று இளையவர்கள் கேட்டார்கள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் வாசலையொட்டிய கார் கொட்டகையில், சுவரில் இருந்த மாடத்தில் வைத்தார்கள். அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு வடியும் வரை பகல் முழுவதும் அவருக்கு அந்தக் கொட்டகைதான் இருப்பிடம். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தவர்களும் வேறு வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

மின்சாரம் இல்லை, கைபேசித் தொடர்பு இல்லை, பால் இல்லை. வந்தவர்களுக்குக் கடுங்காப்பிதான் கொடுக்க முடிந்தது. இருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செய்தி எப்படிப் பரவியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வண்ணார்பேட்டையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, கட்டிய வேட்டியோடு வெளியேறி இந்தப் பக்கம் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த ஒருவர், மதினியின் சித்தப்பா மகன் முறை, நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்தார். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அண்ணாச்சிதான் முதலில், "வீட்டுல எல்லாம் போச்சா?" என்று கேட்டார். அவர், "பீரோ மிதக்கு, அத்தான்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு பீரோவைப் பற்றிப் போய், அதில் இருந்த கல்யாண ஆல்பத்தைப் பற்றிப் போய், மதினியின் கல்யாணத்தில் சாம்பார் போதாமல் போன கதைக்கு வந்து சேர்ந்தது. துட்டி வீட்டில் சிரிப்பது நம் பக்கத்தில் தப்பில்லை.

நான் கவனித்தது ஒன்று உண்டு. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அண்ணாச்சி எழுத்தாளர் என்பது தெரியாது, அல்லது தெரிந்தும் ஒரு பொருட்டில்லை. அவர்கள் இழந்தது மதினியை. இன்னார் மகள், இன்னார் பேத்தி, பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடியவள், ஊரைவிட்டுப் போகும்போது அழாமல் போனவள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு மதினி இருந்தாள். வயதான ஆச்சி ஒருத்தி கொட்டகைக்குள் நுழைந்ததும் அண்ணாச்சியைப் பார்க்காமல் மாடத்தைப் பார்த்து, "மாப்பிள்ளே, எம்பிள்ளைய கூட்டிட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனிதர் அப்போதுதான் உடைந்தார். ஆச்சி ஒப்பாரி வைத்தாள். ஆணுக்கு அப்படி ஒரு வடிகாலை நம் வழக்கம் கொடுக்கவில்லை. அவர் அழுததெல்லாம் அவள் குரலுக்குள் ஒளிந்துகொண்டுதான்.

வாத்தியார் புத்தி விடாது என்பதால், ஒரு மாலையில் புறநானூற்று 245ஆம் பாட்டை அவரிடம் எடுத்தேன். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற சேரன் தன் மனைவி இறந்தபோது பாடியது அது. இவ்வளவு பெரிய துயரத்துக்கும் என் உயிரைக் கொண்டுபோகும் வலிமை இல்லையே, அவளைக் கள்ளி படர்ந்த களரில் ஈமத் தீயில் கிடத்திவிட்டு இன்னும் வாழ்கிறேனே என்று அரசன் தன்னையே நொந்துகொள்கிறான். அண்ணாச்சிக்குத் தெரியாத பாட்டில்லை. "அவனுக்கு ஈமம் உடனே கிடைச்சுட்டு, தம்பி. எனக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் தேதி கொடுத்தான்" என்றார். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் என்னிடம் பேசவில்லை. அங்கே அவரோடு இருந்தவர் யாராவது எழுதினால் நல்லது.


தென்காசிக்காரர், இங்கிலாந்தில் வசிப்பவர்

அந்த மூன்று வாரமும் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போய்வந்தவன் என்பதால் நான் எழுதுகிறேன்.

இங்கே ஒருவர் இறந்தால் மருத்துவர் காரணச் சான்று கொடுக்க வேண்டும், அதைக் கொண்டு ஐந்து நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், அதன் பிறகு இறுதிச் சடங்கு நடத்தித் தரும் நிறுவனம் தகன மையத்தில் காலியாக உள்ள நாளைப் பார்த்துச் சொல்லும். இரண்டு மூன்று வாரம் ஆவது இந்த நாட்டில் இயல்பு. யாரும் அதைத் தாமதம் என்று நினைப்பதில்லை. அதுவரை உடல் அந்த நிறுவனத்தின் குளிர்பதன அறையில் இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் கேட்டுப் போக வேண்டும். காலையில் போன உயிருக்கு மாலைக்குள் காரியம் முடிக்கும் ஊரில் பிறந்த மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பதினாறாம் நாள் தகனத்துக்கு முன்பே வந்து போய்விட்டது. அன்றைக்கு என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை; விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

நவம்பரில் இங்கே நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த வாரங்களில் தீபாவளி வெடியும் ஆங்கிலேயர்களின் நவம்பர் மாத வாணவேடிக்கையும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு மாலைதோறும் சத்தம் கேட்டபடி இருந்தது. அவருடைய மின்னஞ்சல் பெட்டி இரங்கல் கடிதங்களால் நிரம்பியது. பல நாடுகளிலிருந்து வாசகர்கள் எழுதினார்கள். ஒன்றிரண்டை எனக்குப் படித்துக் காட்டினார். 'உங்கள் படைப்புகளுக்குப் பின்னால் இருந்த சக்தி' என்பது போன்ற வாசகங்கள். அவளுக்குப் பின்னால் நான் இருந்ததை ஒருவரும் எழுதவில்லையே என்று ஒரே ஒருமுறை கசப்பாகச் சொன்னார். எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் அவரை மட்டுமே அறிந்தவர்கள்.

எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம், ஆனால் எல்லோருக்கும் வேலை, வார இறுதியில்தான் வர முடிந்தது. வருகிறோம் என்று முதல்நாளே செய்தி அனுப்பிவிட்டுத்தான் போனோம். இந்த நாட்டுப் பழக்கம் எங்களுக்குள்ளும் அவ்வளவு தூரம் புகுந்துவிட்டது. சொல்லாமல் வந்தது ஒருவர்தான், எதிர்வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி. அவரும் கணவரை இழந்தவர். கதவைத் தட்டி உள்ளே வந்து, அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அந்தத் தெருவில் முறையாகத் துட்டி கேட்டவர் அவர் மட்டுமே என்று அண்ணாச்சி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

தகன மையத்தில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணிக்கும் குறைவு. எங்களுக்கு அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. கொள்ளி வைப்பதற்குப் பதிலாக மகன் ஒரு பொத்தானை அழுத்தினான். சில நாள் கழித்துக் கிடைத்த அஸ்தி இரண்டு மூன்று கிலோ இருக்கும், மாவாக அரைத்தது. நம் ஊரில் மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவோமே, அதற்கு இங்கே இடமில்லை.

இதே நிலைமை யாருக்காவது வரலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் கடிதம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அதைத் தூதரகத்தில் ரத்து செய்து வாங்க வேண்டும். பித்தளை, செம்புக் கலசத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். விமான நிலையத்தில் ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளே இருப்பது தெரியாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.


சேரன்மகாதேவி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை

மதினி என்று நீங்கள் எல்லோரும் எழுதுகிறவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஆறு வடிந்த பிறகு, பாபநாசம் வேண்டாம், அவள் குளித்து வளர்ந்த இடத்திலேயே விடுவோம் என்று முடிவாகி, எங்கள் ஊர்ப் பக்கத்துப் படித்துறைக்குக் கொண்டுவந்தார்கள். படியெல்லாம் வண்டல் மூடிக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் மண்வெட்டியால் வழித்து வழி செய்து கொடுத்தார்கள். எலும்பு எங்கே என்று காரியம் செய்ய வந்தவர் கேட்டார், இல்லை என்றதும் சற்றுத் தயங்கிவிட்டு மேற்கொண்டு செய்தார். உடுத்திய துணியை ஆற்றில் விடச் சொன்னபோது மட்டும் அண்ணாச்சி மறுத்துவிட்டார். ஆறு ஏற்கெனவே பட்டது போதும் என்றார். அதில் எனக்கு முழு உடன்பாடு.

அன்று மாலை எங்கள் வீட்டில் வைத்து அவரிடம் ஒரு விஷயம் சொன்னேன். அவருடைய கதைகளில் பலராலும் பாராட்டப்பட்ட ஒன்று உண்டு: கன்னடியன் கால்வாயில் குளிக்கப் போன சிறுமிகளில் ஒருத்தி திரும்பி வராத கதை. அது நடந்தது. போனவர்கள் நான்கு பேர், அதில் நானும் ஒருத்தி, அவளும் ஒருத்தி. தண்ணீர் இழுத்துக்கொண்டு போனவளின் பாவாடை நுனி என் தோழியின் கையில் இருந்து நழுவியது. இதை அவள் கணவரிடம் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குத் தெரியாதென்று.

ஊரில் யாரோ சொல்லக் கேட்டு எழுதிய கதை அது என்றார். எழுதி முடித்ததும் வழக்கம்போல அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தாராம். அவள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாளாம். பிசானப் பருவ நெல் நடவு சமயத்தில் மடையைத் திறந்துவிட்டிருப்பார்கள், தண்ணீர் கரையோரம் இழுக்காது, நடுவில்தான் இழுக்கும், அதை மாற்றுங்கள் என்றாளாம். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாள் என்று அன்றைக்கு மகிழ்ந்துபோனதாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேசமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

இறந்துபோன பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். வீடு எங்கே என்றார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அண்ணன், எழுபதைத் தாண்டியவர், இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அவரிடம் போய் அண்ணாச்சி, ஐம்பது வருடத்துக்கு முந்தைய சாவுக்குத் துட்டி கேட்க வந்ததாகச் சொன்னபோது, கிழவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு காப்பி போடச் சொன்னார். தங்கையைப் பற்றி அவர் பேசியது கொஞ்சம்தான். வெள்ளத்தில் மணல் மூடிப்போன வயலைப் பற்றியும், நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் தன் வயலைப் பார்க்காமலே போனதைப் பற்றியும் நிறையப் பேசினார். அண்ணாச்சி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் அவர் திரும்பிப் போனார். தொகுப்பின் மறுபதிப்பு வரப்போவதாகவும், அதிலிருந்து அந்தக் கதையை எடுத்துவிடும்படி பதிப்பாளருக்கு எழுதிவிட்டதாகவும் பிறகு எனக்குக் கடிதம் போட்டார். தனக்குச் சொந்தமில்லாத துக்கத்தைத் தான் விற்றுவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. எனக்கு அது சரியென்று படவில்லை. எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் அவளே சொல்லியிருப்பாள்; அவள் தண்ணீரின் போக்கை மட்டும் திருத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டாள். கதை இருக்கட்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன். அவரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.