டெம்பரேச்சர் முள் தாறுமாறாக ஆடுகிறது: சென்சாரா, நிஜமாகவே சூடா?

பகல்பயணி:
வணக்கம். பெட்ரோல் கார், கொஞ்சம் பழசு. சில நாட்களாக டெம்பரேச்சர் முள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. நடுவில் ஒழுங்காக இருக்கும், திடீரென்று அடியில் போய் விழும், அதே நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் கத்த ஆரம்பிக்கும், கொஞ்ச தூரம் போனால் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி நடுவுக்கு வந்துவிடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் சில சமயம் இழுத்துக்கொண்டுதான் பிடிக்கிறது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்து தானாக அணைந்தது. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடி கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பழைய ஸ்பேனர்:
தயவுசெய்து கழற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் தன் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்னும் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும், பி0128 என்று புதிதாக ஒரு பிழைக் குறியீடும் வரலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது முள் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதைத்தான். லிட்டர் கணக்கில் ஓடும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 90 டிகிரியிலிருந்து ஒரே நொடியில் ஆறிப்போகாது. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலையில் மெதுவாக இறங்கும், நெரிசலில் மெதுவாக ஏறும். உங்களுடையது சட்டென்று விழுகிறது, கூடவே ஃபேனும் முழு வேகத்தில் ஓடுகிறது. சென்சார் சொல்வதை ஈசியு நம்ப முடியாதபோது பல கார்களில் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். எனக்கு வயரிங் மேல்தான் சந்தேகம்.

ஓம்மீட்டர்:
ஸ்பேனர் அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். முள்ளை நம்பாதீர்கள், பல கார்களில் ஏறக்குறைய 75 முதல் 105 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஓபிடி ஸ்கேனர் (ஈசியு பதிவு செய்ததைப் படிக்கும் கருவி) ஒன்றை மாட்டி லைவ் டேட்டாவில் கூலன்ட் எண்ணைப் பாருங்கள்.

கூலன்ட் சூட்டை அளக்கும் இந்த சென்சார் சூடாகச் சூடாக மின்தடை குறையும் வகை. பொதுவாக 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வரும் (உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை). வயர் எங்காவது விட்டுப்போனால் ஈசியுவுக்கு அது முடிவில்லாத மின்தடை, அதனால் மைனஸ் 40 என்று காட்டும். செல்சியஸானாலும் ஃபாரன்ஹீட்டானாலும் அந்த எண் ஒன்றுதான், குழம்ப வேண்டியதில்லை. இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டால் நேர்மாறாக 130க்கு மேல் எகிறும். பதிவான பிழைக் குறியீட்டையும் படியுங்கள்: பி0118 என்றால் சர்க்யூட் விட்டிருக்கிறது, பி0117 என்றால் ஷார்ட், பி0119 என்றால் வந்து வந்து போகிறது.

செய்ய வேண்டியது: இரவு முழுக்க நிறுத்தி வைத்த காரில் காலையில் இக்னிஷனை மட்டும் போட்டு கூலன்ட் எண்ணையும் உள்ளிழுக்கும் காற்றின் எண்ணையும் ஒப்பிடுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் சென்சார் கனெக்டரையும் அதன் வயரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது எண் துள்ளினால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

நீலவானம்:
எல்லாரும் வயரிங் என்று முடிவே கட்டிவிட்டீர்கள், ஆனால் கூலன்ட் குறைந்து உள்ளே காற்று நின்றாலும் இதே கூத்துதான். சென்சார் முனை திரவத்தில் இல்லாமல் காற்றிலோ ஆவியிலோ நின்றால் அளவு விழும், சூடான கூலன்ட் வந்து மோதியதும் ஏறும். ஆனால் மைனஸ் 40க்குப் போகாது, அதை வைத்தே பிரித்துவிடலாம். முள் ஆடும் நேரத்தில் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள், சூடான காற்று திடீரென்று குளிர்ந்தால் கூலன்ட் சுற்றவில்லை என்று அர்த்தம், ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். அளவைப் பார்ப்பது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

பகல்பயணி:
நன்றி. ஸ்கேனரில் பி0118 இருந்தது. காலையில் இரண்டு எண்ணும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. ஓடும்போது 88, 89 என்று நின்றது, கனெக்டரை அசைத்ததும் மைனஸ் 40, விட்டதும் மறுபடி 89. கழற்றிப் பார்த்தால் ஒரு பின்னில் பச்சையாகப் படிந்திருக்கிறது, அதன் வயரும் உறைக்குள் தளர்ந்திருக்கிறது. ஹீட்டர் நன்றாகச் சூடாக வருகிறது. ஆனால் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைந்தபட்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இது தனிப் பிரச்சினையா?

ஓம்மீட்டர்:
சூட்டில் ஸ்டார்ட் இழுத்ததற்கும் அதுதான் காரணம், மைனஸ் 40 என்று நம்பி ஈசியு பெட்ரோலை அதிகமாகத் தெளித்திருக்கும். கனெக்டரை அதோடு வரும் சிறு வயர் துண்டோடு மாற்றுங்கள், வெறுமனே சுரண்டிப் போட்டால் மறுபடி பச்சை பிடிக்கும். சென்சாரையும் மின்தடை அளந்து பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் விட்டுவிடலாம்.

பழைய ஸ்பேனர்:
கூலன்ட் குறைந்ததைத் தனியாகவே பாருங்கள். அதே வகைக் கூலன்ட்டைக் கோடு வரை ஊற்றி, இன்ஜின் ஆறியிருக்கும்போது அடுத்த சில வாரங்கள் அளவைக் கவனியுங்கள். திரும்பக் குறைந்தால் முதலில் ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி. வெளியே எங்கும் கசிவு தெரியாமல் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கனெக்டர் மாற்றிய கையோடு பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள், பி0118 திரும்ப வந்தால் வயர் இன்னும் உள்ளே எங்கோ விட்டிருக்கிறது.