கார் இழுத்ததா, கை இழுத்ததா? டிராக் ரேஸில் ஸ்டீயரிங் சென்சார் அனுபவங்கள்

அல்சூர் ஷெட்:
டிராக் (drag) ரேஸ் நேர்கோட்டில்தானே, அதில் ஸ்டீயரிங்கை அளந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் ஷெட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். 402 மீட்டர் ஓட்டத்தில் கார் ஒரே ஒரு டிகிரி விலகினால், முடிவில் 7 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அங்கே பக்கத்து லேன் கார் இருக்கும். விலகியதால் கூடுதலாக ஓடும் தூரம் வெறும் 6 சென்டிமீட்டர்தான், அதனால் நேரம் போவதில்லை. மாற்றி மாற்றித் திருப்பி நேராக்கும்போது டயர் பக்கவாட்டில் தேய்கிறது, பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழும்புகிறது. நேரம் அங்கேதான் போகிறது.

எங்களிடம் வந்த ஒரு டர்போ ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை. "வலது பக்கம் இழுக்குதுண்ணா" என்று பையன் ஒரே புலம்பல். அலைன்மென்ட் பார்த்தால் சரியாகவே இருந்தது. ஸ்டீயரிங் தண்டில் பல சுற்று சுற்றும் பொட்டென்ஷியோமீட்டர் (எவ்வளவு திரும்பியது என்று காட்டும் சென்சார்) ஒன்றைப் பெல்ட் போட்டு இணைத்தோம். சீட்டுக்கு அடியில், கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கைரோ.

பதிவைத் திறந்து பார்த்தபோது ஒரே ஓட்டத்தில் இரண்டு வேறு சங்கதிகள் தெரிந்தன. கிளம்பிய நொடியில் கைரோ முதலில் அசைந்திருக்கிறது, ஸ்டீயரிங் அதன் பிறகுதான். அதாவது கார் இழுத்தது, பையன் திருத்தினான். ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது ஸ்டீயரிங் முந்திக்கொண்டது. அப்போது கிளட்ச் மிதிபட்டிருந்தது, சக்கரத்துக்கு இன்ஜின் விசையே போகவில்லை. ஆகவே அது கை. நம் ஊர்க் காரில் இடது கை கியருக்குப் போய்விடும், வலது கை மட்டும் ஸ்டீயரிங்கில். தோள் அசையும்போது அந்தக் கையும் சேர்ந்து இறங்குகிறது. அவன் திட்டிக்கொண்டிருந்த காருக்கு அதில் பாதிப் பங்குகூட இல்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

விவேக் நகர்:
அண்ணா, கிளட்ச் விஷயத்தைப் பிடித்தீர்களே, அதுதான் முக்கியம். கிளம்பும்போது கணக்கு அவ்வளவு சுலபமில்லை. டார்க் ஸ்டியர், அதாவது இன்ஜின் விசையே காரை ஒரு பக்கம் திருப்புவது, வந்தால் சக்கரம் ஸ்டீயரிங்கையே பிடித்து இழுக்கும். அப்போதும் ஸ்டீயரிங் முதலில் அசைந்த மாதிரிதான் பதிவாகும், பழி ஓட்டுநர் தலையில் விழும்.

எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் இதற்கு வழி இருக்கிறது. தண்டின் நடுவே முறுக்கை அளக்கும் சென்சார் ஏற்கெனவே உண்டு. முறுக்கும் கோணமும் ஒரே திசையில் போனால் கை திருப்புகிறது. எதிரெதிரே போனால் சக்கரம் இழுக்கிறது, கை தடுக்கிறது. என் காரில் ஈ.எஸ்.பி. (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) இருப்பதால் கோண சென்சாரும் கம்பெனியே கொடுத்தது. இரண்டின் அளவும் கேன் பஸ்ஸில், அதாவது காரின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயரில், ஓடுகின்றன. ஓபிடி (காரைச் சோதிக்கும் பிளக்) தரும் பொதுப் பட்டியலில் கோணம் வராது. ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே எந்த எண் மாறுகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓடுகிற காரின் பஸ்ஸில் எதையும் எழுதிவிடாதீர்கள்.

பீன்யா லேத்:
பிராக்கெட் செய்து தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: சென்சார் கழன்று விழுந்தாலும் ஸ்டீயரிங் சிக்கக் கூடாது. அது உறுதியாகத் தெரியாத வேலையை நான் எடுப்பதில்லை. ஏர்பேக் வயர் போகிற பக்கமும் கை வைக்க மாட்டேன்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் காந்த சென்சார் நல்ல சாமான். ஏஎஸ்5600 என்ற சிப் என்றால் ஒரு சுற்றை 4096 படியாகப் பிரிக்கும், ஒரு படி 0.09 டிகிரிகூட வராது. ஆனால் சுற்று முடிந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், எத்தனையாவது சுற்று என்று புரோகிராம்தான் எண்ண வேண்டும். பழைய காரில் தண்டு ஜாயின்ட் தேய்ந்து ஆட்டம் இருந்தால், மேலே கோணம் மாறும், கீழே சக்கரம் அசையாது. அந்த மாதிரி வண்டிக்கு சக்கரத்தைத் திருப்பும் ரேக் பக்கம், அது இடம் வலம் நகர்வதை அளக்கும் சென்சார் போடுவதே சரி. அப்புறம் வயர்: இக்னிஷன் காயில் பக்கத்தில் கொண்டுபோனால் வரைபடம் முழுக்க முள் முள்ளாக வரும்.

கம்மனஹள்ளி:
நான் ஓட்டுகிறவள். சென்சார் வைக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது என் ஓட்டத்தைச் சந்தேகப்படுகிறாரே என்று கோபம் வந்தது. இப்போது அது இல்லாமல் லேனில் நிற்க மனம் வராது.

கார் விலகி 0.2 நொடி கழித்துத்தான் என் கை திரும்புகிறது. மனிதருக்கு அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். பிரச்சினை அதற்கு அடுத்து வந்தது: தேவைக்கு மேல் திருப்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி, முடிவுக்கோடு வரை அலை அலையாகப் போயிருந்தது. பானெட்டைப் பார்க்காமல் ஓடுதளத்தின் கடைசியைப் பார்த்து ஓட்டத் தொடங்கிய பிறகு அந்த அலை பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இன்னொன்று. ஒரு ஓட்டம் முழுக்க ஸ்டீயரிங் சின்னதாக ஒரு பக்கமே பிடித்தபடி இருந்தது, ஆட்டமே இல்லை. லேன் மாறியதும் மறுபக்கம். மழைத் தண்ணீர் வடிய ஓடுதளத்தின் நடுவை மேடாகப் போட்டிருக்கிறார்கள், அந்தச் சரிவுதான் காரணம். இது தெரியாமல் அலைன்மென்ட்டை மாற்றியிருந்தால் மற்ற இடங்களில் கார் கெட்டிருக்கும்.

ராமமூர்த்தி நகர்:
பைக்கில் ஹேண்டில் கோணம் அதிகம் பேசாது சார், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிய பதிவுகளில் அசைவே மிகக் குறைவு. உடம்பு சாய்வதால் நடப்பதே அதிகம். எனக்குக் கைரோ ஒன்றே போதுமாக இருக்கிறது. டேட்டா வேண்டும் என்று ராத்திரி ஏர்போர்ட் ரோட்டில் இறங்குகிற தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். பொது இடத்தில் ரேஸ் ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189 இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, எதிரே வருகிறவருக்கு நீங்கள் ரேஸ் ஓட்டுவது தெரியாது.

அல்சூர் ஷெட்:
விவேக் நகர் தம்பி சொன்ன முறுக்கு சென்சார் விஷயத்தை அந்தப் பையனின் காரிலும் பார்க்கப் போகிறேன்.

எவ்வளவு வேகத்தில் பதிய வேண்டும் என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். நொடிக்கு 10 தடவை பதியும் ஜிபிஎஸ் போதாது. 160 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பதிவுக்கு நடுவே கார் 4.4 மீட்டர் போய்விடும். ஸ்டீயரிங்கையும் கைரோவையும் நொடிக்கு 100 தடவையாவது பதியுங்கள். இரண்டும் ஒரே போர்டில், ஒரே கடிகாரத்தில் இருக்கட்டும். போனில் ஒன்று, லாகரில் (தனிப் பதிவுக் கருவி) ஒன்று என்று எடுத்துப் பிறகு ஒட்டவைத்தால், எது முதலில் அசைந்தது என்பதே மாறிவிடும்.