வின்ச் கேபிளுக்கு ஃப்யூஸ் வேண்டுமா, வேண்டாமா?

செம்புக்கம்பி:
“ஸ்டார்ட்டர் மோட்டாருக்கே ஃப்யூஸ் கிடையாது, வின்ச்சுக்கு மட்டும் எதற்கு?” என்று சேற்றுவண்டி நேற்று இந்த மன்றத்தின் இன்னொரு உரையாடலில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மின் வின்ச்சைப் புதிதாக மாட்டுகிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள். பேட்டரியிலிருந்து முன் பம்பர் வரை ரேடியேட்டரை ஒட்டி, தகட்டு விளிம்புகளில் உரசிக்கொண்டு போகும் 35 சதுர மி.மீ. கேபிளில் எந்நேரமும் மின்சாரம் காத்திருக்கிறது. வண்டி முன்பக்கம் மோதி அது சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், பட்டால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். அதைத் தடுக்க வழியில் ஒன்றுமே இல்லை.

சேற்றுவண்டி:
பதினைந்து ஆண்டுகளாக வின்ச் போட்டு வண்டிகளை இழுத்தவன் நான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் 9,500 பவுண்டு வின்ச் முழுச்சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். சரிவில் பாதி ஏறிய நிலையில் ஃப்யூஸ் போனால் வண்டியை யார் தாங்குவது? ஸ்டார்ட்டருக்கு ஏன் ஃப்யூஸ் இல்லை என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
மின்சாரம் நின்றால் கயிறு சுற்றும் டிரம்மைப் பிடித்துக்கொள்ளத்தான் வின்ச்சுக்குள்ளேயே பிரேக் இருக்கிறது. ஏஎன்எல் என்ற அதிக ஆம்பியர் ஃப்யூஸ் தன் அளவைத் தாண்டிய கணத்திலேயே போய்விடுவதும் இல்லை. சிறிது நேரம் மிகைச்சுமையைத் தாங்கும், ஷார்ட் ஆனால் அறுந்துவிடும். ஸ்டார்ட்டர் கேபிள் குட்டையானது, எஞ்சின் அருகிலேயே முடிந்துவிடும். மோதலில் முதலில் நசுங்குவது பம்பர். வின்ச் இருப்பதும் அங்கேதான்.

கப்பிக்காரன்:
இருவருமே பேட்டரி இணைப்பைக் கையால் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை மறந்துவிட்டீர்கள். ஒருமுறை, ரிமோட்டுக்கேற்ப மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டதால், ரிமோட்டை விட்ட பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொக்கி, கயிறு வெளியே வரும் வாயான ஃபேர்லீடை முட்ட ஒரு சாண் இருக்கும்போது ஐசொலேட்டரைத் திருப்பி நிறுத்தினேன். அங்கே எந்த ஃப்யூஸும் உதவியிருக்காது. அதோடு, இடையில் ஒரு கப்பியைப் போட்டால் கயிற்றின் மேல் விழும் இழுவிசை ஏறக்குறையப் பாதியாகும், ஆம்பியரும் இறங்கும்.

செம்புக்கம்பி:
ஐசொலேட்டர் வேண்டாம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் இழுத்து முடித்ததும் அதை மறக்காமல் அணைக்க வேண்டும். அணைக்காமல் கிளம்பியவர் மோதி மயங்கிக் கிடந்தால் சுவிட்சை யார் திருப்புவார்கள்? பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருந்தால் ஒரு கையும் தேவையில்லை. கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று போன மாதம் வாதாடியவரும் நீங்கள்தானே, கப்பிக்காரன்? ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துப் போய், அதிர்வில் லக்கின் கழுத்திலேயே கேபிள் முறிந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

கப்பிக்காரன்:
ஃப்யூஸைப் பற்றிப் பேசும்போது பழைய லக்கை ஏன் இழுக்கிறீர்கள்? நான் பற்றவைத்த லக் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை. அன்று என்னை எல்லார் முன்னிலையிலும் அவமதித்ததை நான் மறக்கவில்லை.

செம்புக்கம்பி:
கழன்றதில்லை என்பது சான்றாகாது. ஹைட்ராலிக் கருவியால் கிரிம்ப் செய்த, அதாவது அழுத்தி இறுக்கிய, லக்கை அறுத்துப் பாருங்கள். இழைகள் ஒரே கட்டியாக இறுகியிருக்கும்.

சேற்றுவண்டி:
லக்கைப் பிறகு அறுத்துக்கொள்ளுங்கள். அந்த 35 சதுர மி.மீ. கேபிள் 400 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது. அப்படியிருக்க, 400 ஆம்பியர் ஃப்யூஸ் எதைக் காக்கிறது?

செம்புக்கம்பி:
ஷார்ட்டிலிருந்து காக்கிறது என்றுதான் முதல் பதிவிலிருந்தே சொல்கிறேன். மிகைச்சுமையில் கேபிள் சூடாவதைத் தவிர்க்க, சிறிது நேரம் இழுத்துவிட்டு மோட்டாரை ஆறவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்தான் ஃப்யூஸைக் குறை சொல்வார்.

சேற்றுவண்டி:
பொறுமையைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். என் வண்டியில் ஃப்யூஸ் இல்லை, இனியும் இருக்காது. ஸ்டார்ட்டருக்கே இல்லை.