புதுப்பிப்பு: தாய்மார் வகுப்பில் ‘சீசர்’ (சிசேரியன்) பேச்சு, எது பலித்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டிருந்தது இதுதான்: தோட்டத்துத் தாய்மார் வகுப்பில் உதவிக்கு வருபவர் "சீசர் வலிக்குப் பயந்தவர்களுக்கு" என்று பேசப் பேச, முதல் பிள்ளையைச் சீசரில் பெற்றவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

சுவரில் விதிமுறை ஒட்டும் யோசனை எடுபடவில்லை. பலித்தது பசறைப் பக்கத்து மிட்வைஃப் அக்கா சொன்னது: ஆளைத் திருத்தப் போகாமல் சொல்லை மாற்றுவது. ‘சுகப்பிரசவம்’ என்றாலே மற்றது சுகமில்லாதது என்றாகிறது. ‘நோர்மல்’ என்றாலும் அதே கதை. இப்போது ‘யோனிவழிப் பிரசவம்’தான். கூச்சம் முதல் வகுப்போடு போய்விட்டது.

முன்பு சீசர் ஆனவர்களுக்குத் தனியாக இருபது நிமிடம். ஆஸ்பத்திரியில் தந்த பழைய டயக்னோசிஸ் கார்டைக் கொண்டுவரச் சொல்லி, காரணத்தை வாசித்துக் காட்டுகிறோம்: பிள்ளை குறுக்கே கிடந்ததா, நஞ்சுக்கொடி கீழே இருந்ததா, துடிப்பு குறைந்ததா. வயிற்றுத் தழும்பைப் பார்த்துக் கர்ப்பப்பை வெட்டு எப்படி என்று சொல்ல முடியாது. கார்ட் அதற்கும் வேண்டும். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்கு வெட்டு உள்ளவர்கள் யோனிவழிக்கு முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குக் கைகூடும். கர்ப்பப்பைத் தழும்பு பிரியும் அபாயம் 200க்கு 1 அளவு. அதனால் முடிவு விசேட வைத்தியரோடு. வலி தொடங்கினால் லயத்து வீட்டில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

எதிர்பாராதது: குத்தல் பேச்சு அதிகம் வந்தது மாமியார்மாரிடமிருந்து. அவர்களையும் இப்போது கூப்பிடுகிறோம்.

அந்த உதவியாளர் பால் கொடுக்கும் முறைகளைக் காட்டுகிறார். தழும்பில் பாரம் படாமல் பிள்ளையைக் கக்கத்தடியில் ஏந்துவதை அவரைப்போல யாரும் காட்டுவதில்லை.