வாடிக்கையாளருக்குச் செய்த தோல் பையைப் போட்டிக்கு அனுப்பலாமா?

எல்லோருக்கும் வணக்கம். ஆர்டரின் பேரில் தோல் பைகள் கையாலேயே செய்து தருகிறேன். முதல் முறையாக ஒரு கைவினைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். அனுப்ப நினைப்பது, போன வருடம் ஒருவருக்குச் செய்த தோள்பை. தர அவரும் மனதாரச் சம்மதித்துவிட்டார்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட 2.5 மி.மீ. தோல். மூடியில் கொடி வேலைப்பாடு. தோலை ஈரப்படுத்தி, சுழல் கத்தியால் (விரலால் திருப்பித் திருப்பிக் கீறும் சிறு கத்தி) கீறி, அச்சு வைத்துத் தட்டி எடுத்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோலில் இந்த வேலைப்பாடு நிற்காது. தையல், ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துப் போட்டது, அங்குலத்துக்கு 8. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் விட்டுவிடாது. அதனால்தான் மெஷின் பக்கமே போவதில்லை.

என் குழப்பம் இதுதான். கை படும் இடமெல்லாம் கைப்பிடி தேன் நிறமாகக் கறுத்திருக்கிறது. எனக்கு அதுதான் அந்தப் பையின் அழகே. நடுவர்கள் அதை அழுக்கு என்று கழித்துவிடுவார்களா? கீழ் மூலையில் இரண்டு தோலும் சேரும் கோடு லேசாகத் தெரிகிறது. உப்புத்தாள் போட்டு மறுபடி மெருகேற்றலாம், ஆனால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியுமோ என்று பயம்.

பக்கிள் கடையில் வாங்கியது. ‘முழுக் கைவேலை’ பிரிவில் சேர்ப்பார்களா? உள்ளே பொறித்த அவருடைய பெயரெழுத்தை மறைக்க வேண்டுமா?

போட்டிகளில் கலந்துகொண்டவர்கள், நடுவராக இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். 10 நாள்தான் இருக்கிறது.